மச்சான் இழுத்த மூச்சு

தஸ்ரிபினின் சட்டை சில வாரங்களாக நாறவில்லை. லேத் பட்டறைக்காரன் சட்டை நாறாமல் இருப்பதாவது! தெகால் ஊரின் தலாங் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையை என்ன தொழில் என்று கேட்பதில்லை, காலர் பக்கம் மூக்கைக் கொண்டுபோனாலே போதும். இரும்பு கடையும்போது ஊற்றுகிற கட்டிங் ஆயில் வாடை ஒருமுறை ஏறிவிட்டால் சோப்புக் கட்டிதான் கரையும். அப்படியிருக்க, ஹாஜி மஸ்கூரியின் பட்டறையிலேயே கேடுகெட்ட மூலையில், சுவரை ஒட்டிக் கிடக்கும் பெரிய லேத்தில் பொழுதன்றைக்கும் நின்றுவிட்டு வருகிறவனின் சட்டை, அப்போதுதான் கொடியிலிருந்து எடுத்ததுபோல் வீடு திரும்பியது.

அவன் மனைவி துரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்து மாசக் கர்ப்பம் அவளுக்கு. அதே பட்டறையில், அவன் லேத்துக்குப் பின்னால்தான் அவளுடைய மேஜை. கடைந்து வரும் சாமானின் பிசிறை அரம் போட்டு எடுக்கும் வேலை. முன்பெல்லாம் எண்ணெய் வாடையில் காலையிலேயே இரண்டு தடவை ஓடிப்போய் வாந்தி எடுப்பாள்.

"காங், இப்பல்லாம் சோறு சோறா ருசிக்குது. உங்க பக்கத்துல படுக்கவும் முடியுது," என்றாள். தெகால் ஊரில் புருஷனையும் அண்ணன் முறை வைத்துக் காங் என்றுதான் கூப்பிடுவார்கள்.

தஸ்ரிபின் மட்டும் சட்டையைத் திரும்பத் திரும்ப மோந்து பார்த்தான். அவன்தானே நாள் முழுக்க அந்த லேத்தின் முன்னால் நிற்கிறான். அவனுக்குத் தெரியாதா?

இரும்பு வேகமாகச் சுழலும்போது மேலே விழும் எண்ணெய் பொடிப்பொடியாகச் சிதறி வெள்ளையாக எழும்பும். அதை எல்லோரும் ஆவி என்பார்கள். எழும்பினால் நேரே நிற்கிறவன் முகத்துக்குத்தான் வரும். எந்த லேத்தில் நின்றாலும் வருஷக்கணக்கில் அப்படித்தான் வந்தது. இப்போது என்னவென்றால், அவன் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்து, சற்றுத் தயங்கி, இடது தோளுக்கு மேலாக வளைந்து பின்னால் போனது. அங்கே ஜன்னல் இல்லை, மின்விசிறி இல்லை. துரியாவின் மேஜைப் பக்கமும் அது போகவில்லை. அவனுக்கும் மேஜைக்கும் நடுவில், வெறும் இடத்தில், ஒன்றுமில்லாமல் போனது.

கூடவே ஒரு சத்தம். பெல்ட் தேய்கிறது என்று நினைத்து முதலில் பெல்ட்டை மாற்றினான். புதுப் பெல்ட்டிலும் அதே சத்தம். கரகரவென்று இழுக்கும், நிற்கும், மறுபடி கஷ்டப்பட்டு இழுக்கும். இழுக்கிற சத்தம் கேட்டதே தவிர, விடுகிற சத்தம் ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த இழுப்பு அவனுக்குப் புதிதல்ல. அந்த லேத் அவன் மச்சான் வார்யோவுடையது, அவனுக்குப் பிறகுதான் தஸ்ரிபின் கைக்கு வந்தது. துரியாவின் கூடப்பிறந்த அண்ணன். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அந்த மூலையில் நின்று கடைந்தவன், போன மாசம் செத்துப்போனான். கடைசி நாட்களில் மூச்சு விடுவதே அவனுக்கு ஒரு தனி வேலையாகிவிட்டது. படுக்க முடியாது, சாய முடியாது, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி இழுப்பான். ஹாஜி மய்யத்துக்கு வந்து, "கிராம்புச் சிகரெட்டுதான் கொன்னுடுச்சு," என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஊரே ஊதித் தள்ளுகிறது, ஊருக்கா இழுக்கிறது? நாக்குக்கு எலும்பில்லை, எப்படி வேண்டுமானாலும் வளையும்.

அதே ஹாஜி, கோடிக்கணக்கான ரூபியாவுக்கு லேத் இறக்கினவர், அதற்கு மேலே புகை இழுக்கிற ஃபேன் ஒன்று போடுங்கள் என்று கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை. கடைசியில் பட்டறையில் சாமான் வாங்குகிற கப்பல் கம்பெனிக்காரன்தான் அவரை மடக்கினான். வேலை செய்கிறவர்கள் சுவாசிக்கிற காற்றை அளந்து காகிதம் கொடுத்தால்தான் ஆர்டர் என்றுவிட்டான். ஹாஜி எல்லோரையும் கூப்பிட்டுத் தலைக் குல்லாவின்மேல் கை வைத்தார்.

"என் ஹஜ்ஜு மேல ஆணை. காகிதம் அழுக்குன்னு வந்துச்சுன்னா எல்லா லேத்துக்கு மேலயும் ஃபேன் போடறேன். சுத்தம்னு வந்துச்சு, அப்புறம் எவனும் ஃபேன்னு வாயைத் திறக்கக் கூடாது. இந்த ஜென்மத்துக்கும்!"

எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அந்த மூலையை அளந்தால் சுத்தம் என்று வருமா? குருடனுக்கும் தெரியுமே!

அளக்க வந்தவள் ஸ்மாராங் நகரத்துப் பெண், உத்தாரி என்று பெயர். பெட்டியைத் திறந்து மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கைக்கு அடக்கமான பம்பு, ரப்பர் குழாய், பொடி டப்பி மாதிரி வட்டமான ஒன்று. அதற்குள் பால் வெள்ளையாக ஒரு ஃபில்டர் காகிதம்.

"ஆவி அளக்க வந்திருக்கேன்," என்றாள்.

இரண்டாவது லேத்துக்காரன் சர்கிம். எழவு வீட்டிலும் வாயை மூட மாட்டான். "எந்த ஆவி அக்கா? எண்ணெய் ஆவியா, எங்க வார்யோ அண்ணன் ஆவியா? ரெண்டும் அந்த மூலையிலதான் இருக்கு," என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்து, சிரிப்பு பாதியில் இருமலாகி, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"எது என் ஃபில்டர்ல ஒட்டுதோ அதை அளப்பேன்," என்றாள் உத்தாரி. சிரிக்கவில்லை. "இந்த டப்பி உங்க காலர்ல, மூக்குக்குக் கொஞ்சம் கீழ இருக்கும். உங்களோட சேர்ந்து இதுவும் மூச்சு இழுக்கும். நாள் முடிஞ்சதும் எடை போடுவேன். இது எதைத் தின்னுச்சோ அதைத்தான் நீங்களும் தின்னீங்கன்னு அர்த்தம்."

"பரவாயில்லையே, திங்கறதுக்கு ஒரு துணை," என்றான் சர்கிம்.

ஆனால் தஸ்ரிபினின் காலரில் அவள் டப்பியை மாட்டியபோது அவன் இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். துரியாவுக்கு ஒன்று, சர்கிமுக்கு ஒன்று. மூவரும் இடுப்பில் பம்பு முனகிக்கொண்டிருக்க வேலையைத் தொடங்கினார்கள்.

மத்தியானம் உத்தாரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பம்பு ஒழுங்காக இழுக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு கண்ணாடிக் குழல் இருந்தது. உள்ளே ஒரு சின்னக் குண்டு மிதக்கும். காற்று சீராகப் போனால் குண்டு ஒரே கோட்டில் அசையாமல் நிற்க வேண்டும். சர்கிமிடம் நின்றது. தஸ்ரிபினிடம் வந்து குழாயில் மாட்டினாள். குண்டு மெல்ல மேலே ஏறியது. நின்றது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"பம்பு மக்கர் பண்ணுது," என்று அவனை வாசலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே குண்டு ஆணி அடித்ததுபோல் நின்றது. மூலைக்குத் திரும்பி வந்தார்கள். ஏறியது, இறங்கியது. அந்தக் கரகர இழுப்புக்கும் குண்டுக்கும் ஒரே தாளம். தஸ்ரிபின் அதைக் கவனித்தான். உத்தாரி நிமிர்ந்து அவனுடைய இடது தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே ஆவி வளைந்து போய் மறைந்துகொண்டிருந்தது.

"பாக் தஸ்ரிபின்," என்று ஐயா போட்டுக் கேட்டாள், "இங்க காத்து எங்க போகுது?"

"எனக்கென்ன தெரியும்," என்றான். அவன் பொய் சொன்னது அவளுக்குத் தெரிந்திருக்கும். புஜத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு தள்ளிப் போனாள்.

சாயங்காலம் டப்பிகளைத் திறந்தார்கள். சர்கிமின் ஃபில்டரில் லேசான மஞ்சள். வாசல் பக்கத்து லேத், காற்றோட்டம் உண்டு, வரம்புக்குள்தான் வரும் என்றாள் உத்தாரி. துரியாவுடையது வெள்ளை. தஸ்ரிபினுடையது அதைவிட வெள்ளை. பெட்டிக்குள் பிரிக்காமல் வைத்திருந்த புது ஃபில்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எது புதிது, எது அந்த மூலையில் நாள் முழுக்கக் கிடந்தது என்று சொல்ல முடியவில்லை.

ஹாஜிக்குப் பல்லெல்லாம் வெளியே வந்துவிட்டது. "பாத்தீங்களா! என் பட்டறைக் காத்துல பிள்ளைத்தாய்ச்சியே பிழைக்கிறா. ஃபேனாம் ஃபேன்! வீட்டுல போய்ப் போட்டுக்குங்க!"

"இப்படி வராது, ஹாஜி," என்றாள் உத்தாரி. "நடுத்தெருவுல மாட்டினாக்கூட இதைவிட அழுக்கு ஒட்டும். நாளைக்கு ஒரு நாள் அந்த மூலையை மட்டும் திரும்ப அளக்கணும். நாளைக்கும் இப்படியே வந்தா, என் கண்ணு என்ன சொன்னாலும் சரி, சுத்தம்னுதான் எழுதிக் கொடுக்கணும்."

"ஒரே ஒரு நாள். அதோட பெட்டியைக் கட்டிடணும்," என்றார் ஹாஜி.

சர்கிம் அன்றைக்கு ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "நாம செத்தாதான் அந்தக் காகிதம் மஞ்சளாகும்போல, காங்," என்று மட்டும் சொன்னான். பின்னால் கேரியரில் அவன் இருமல் தொற்றிக்கொண்டே போனது.

வீட்டில் துரியா தெம்பே சோயா வறுவலும் சோறும் போட்டு வைத்தாள். தஸ்ரிபின் கையை நனைக்கவில்லை.

"துரியா, உன் அண்ணன் போகலை."

அவள் திடுக்கிடவில்லை. தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "தெரியும். அவன் இழுக்கிறது எனக்குக் கேக்காதா? அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதானே ஆறு மாசம் தூங்கினேன். நம்ம மூக்குக்கு வர்றதை அவன் இழுத்துக்கிறான், காங். எனக்கு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க எதையாவது பண்ணிக் கெடுத்துடுவீங்க." சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு, "அவனுக்கு லேத்துல முதல்முதலா தேத்தண்ணி வச்சீங்களே, அன்னிக்கு என்ன சொல்லி வச்சீங்க?" என்று கேட்டாள்.

செத்தவருக்கு ஒன்றை வைக்கும்போது அதைப் பெயர் சொல்லித்தான் வைக்க வேண்டும். இந்தத் தேநீர் உனக்கு, இந்தச் சிகரெட் உனக்கு. அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நாற்பதாம் நாள்வரை செத்தவர் இருந்த இடத்தைச் சுற்றித்தான் நிற்பார், காது கேட்கும், சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வார். தெகாலில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். தஸ்ரிபினுக்கும் தெரியும். ஏழாம் நாள் கழிந்து முதன்முதலாக மச்சானின் லேத்தில் கை வைத்தபோது, கல்கண்டு போட்ட மல்லிகைத் தேநீரை ஒரு குவளையில் வைத்தான். கிராம்புச் சிகரெட் ஒன்றைப் பற்றவைத்துப் பக்கத்தில் வைத்தான். கைப்பிடியில் மச்சானின் விரல் தேய்ந்து தேய்ந்து விழுந்த பள்ளம் அவன் கைக்குத் தட்டுப்பட்டது. அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அழுகையில் மனுஷனுக்கு நாக்கு நிற்குமா?

"மச்சான், இங்க இருக்கிறதெல்லாம் உன்னுதுதான், எல்லாத்தையும் எடுத்துக்கன்னு சொன்னேன்," என்றான்.

துரியா வாயில் கை வைத்தாள். "எல்லாத்தையும்னா?"

"ஆமா."

"அப்ப எடுத்துக்கிறான். சொன்னதைத்தானே செய்யறான், பாவம்." அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் குரல் இறங்கவில்லை. "எடுத்துக்கட்டும். உயிரோட இருந்தப்ப எனக்குன்னு அவன் எதைப் பண்ணலை? இப்பவும் பண்றான். என் வயித்துல இருக்கிறதுக்கும் சேர்த்துப் பண்றான்."

"நாப்பதாம் நாள் வரப்போகுதுடி! அதோட அவன் போயிடுவான். ஆவி போகுமா? காகிதத்துல சுத்தம்னு எழுதிட்டா, அப்புறம் நீயும் நானும் அந்தச் சர்கிமும் காலத்துக்கும் அதையே தின்னுக்கிட்டு கிடக்கணும். பிள்ளை பொறந்து அதையும் தூளியில போட்டு அங்கதானே ஆட்டுவே?" அவனுக்குக் கோபமா துக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை. "அதுவும் போகட்டும். அவன் இழுக்கிறான், விடவே மாட்டேங்கறான். கேட்டியா? அத்தனையும் உள்ளயே வச்சுக்கிட்டு நிக்கறான். ஒரு தடவை செத்தது பத்தாதா அவனுக்கு?"

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"காங், திருப்பிக் கேக்க மட்டும் கேக்காதீங்க. குடுத்ததைத் திருப்பிக் கேட்டா அன்னன்னிக்கு உள்ளது மட்டும் வராது. குடுத்த நாள்லேர்ந்து சேர்ந்தது மொத்தமும் வரும். எங்க சித்தப்பா, சித்தி செத்த சோகத்துல, என் தூக்கத்தையும் நீயே எடுத்துக்கிட்டுப் போடின்னு வாயை விட்டாரு. ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சுப் பார்த்துட்டு, பொறுக்க முடியாம திருப்பிக் கேட்டாரு. படுத்தவரு எழுந்திரிக்க நாலு நாளாச்சு. எழுந்தப்ப யாருன்னு எங்களைக் கேட்டாரு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"கேக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"சரி," என்றான் தஸ்ரிபின். புருஷன்மார் சொல்லும் சரிக்கு என்ன பொருள் என்று எந்த மனைவிக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் அதை நம்ப விரும்பினாள்.

விடிந்ததும் அவளை அத்தை வீட்டுக்கு அனுப்பினான். நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு ஆள் கூப்பிட வேண்டும், தேங்காய் அரிசி சொல்ல வேண்டும், இன்றைக்கு மூலை லேத்தை மட்டும்தானே அளக்கிறார்கள், உனக்கு அங்கே என்ன வேலை என்றான். எல்லாமே நியாயமாக இருந்ததால் போனாள். தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

உத்தாரி டப்பியை மாட்டும்போது அவன் கேட்டான். "இது நான் இழுக்கிறதுல எவ்வளவு இழுக்கும்?"

"பத்துல ஒரு பங்கு இருக்கும். நீங்க வேலை செய்யறப்ப நிறைய இழுப்பீங்க." அவள் ஒரு தடித்த முகமூடியை நீட்டினாள். "இதைப் போட்டுக்குங்க. டப்பி வெளியதானே இருக்கு, அளவு கெடாது."

"அப்புறம் போட்டுக்கறேன்," என்று வாங்கிப் பையில் வைத்தான். முகத்தை மூடிக்கொண்டு என் பங்கைக் கொடு என்று கேட்டால் அது கேட்டதாகுமா? மச்சானிடம் கள்ளத்தனம் செய்ய அவனுக்கு மனசு வரவில்லை.

தேநீரை வைத்தான். சிகரெட்டைப் பற்றவைத்து வைத்தான். லேத்தை ஓட்டி, எண்ணெயைத் திறந்து, டூலை இரும்பில் கொடுத்தான். ஆவி எழும்பி வந்து, தயங்கி, வளைந்தது. பின்னால் அந்த இழுப்பு தொடங்கியது. முந்தின நாளைவிட மோசமாக இருந்தது. சேற்றில் மாட்டின காலைப் பிடுங்குவதுபோல் ஒவ்வொரு மூச்சையும் பிடுங்கிப் பிடுங்கி இழுத்தான் வார்யோ.

தஸ்ரிபின் திரும்பவில்லை. இரும்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினான்.

"மச்சான், நான்தான். அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அழுதுக்கிட்டே உளறிட்டேன். இந்தத் தேத்தண்ணி உனக்கு. இந்தச் சிகரெட்டு உனக்கு. இந்தக் காத்து என்னுது. என் பங்கையும் உன் தங்கச்சி பங்கையும் நீ எடுத்துக்கிட்டதெல்லாம் போதும். எங்கிட்டக் குடுத்துடு. அவகிட்ட வேணாம், எங்கிட்டக் குடு."

இழுப்பு நின்றது.

லேத் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் பட்டறையில் ஒரு சத்தமும் இல்லாததுபோல் அவனுக்கு இருந்தது. ஆவி வளையவில்லை. அவன் முகத்துக்கு முன்னால் சுவர் மாதிரி எழும்பி நின்றது. இடது காதுக்குப் பக்கத்தில் சில்லென்று ஏதோ பட்டது. குனிந்து ரகசியம் சொல்கிறவன் வாய் அவ்வளவு நெருக்கத்தில்தான் இருக்கும்.

"குடு மச்சான்," என்றான் மறுபடி.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டான். இத்தனை நாளும் கேட்காத சத்தம். பின்னால் நின்றவன் மூச்சை விட்டான். ஒரே மூச்சு, நீளமாக, முடியாமல். தஸ்ரிபினின் பிடரி முடி முன்பக்கம் சாய்ந்தது. தோளுக்கு மேலாக, அக்குளுக்குக் கீழாக, இரண்டு காதுகளையும் உரசிக்கொண்டு வெள்ளை வெள்ளையாக வந்தது. புது எண்ணெய் வாடை இல்லை அதில். வாரக்கணக்கில் அடைத்து வைத்த பழைய எண்ணெய், கெட்டுப்போன எண்ணெய், அதற்குள்ளே கிராம்பு வாடை. கண்ணை மூடினான், மூக்கை மூடவில்லை. இழுத்தான். அவ்வளவையும் இழுத்தான். நிறுத்த நினைத்தபோதுகூட நிறுத்த முடியவில்லை, அதுவாக உள்ளே போனது.

வாசல் பக்கமிருந்து சர்கிம் கத்தினான். "காங்! எங்க இருக்கே? ஆளே தெரியலையே! அக்கா, அந்த மூலையைப் பாருங்க, ஐயோ!"

உத்தாரி தன் முகமூடியைப் போட்டுக்கொண்டு வெள்ளைக்குள் ஓடினாள். கைக்கு அகப்பட்ட லேத்தின் சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினாள். தஸ்ரிபின் கைப்பிடியைப் பிடித்தபடி நேராக நின்றுகொண்டிருந்தான். அவன் பையிலிருந்த முகமூடியைப் பிடுங்கி அவன் முகத்தில் கட்டி, வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் தலைமுடியிலிருந்து எண்ணெய் சொட்டியது. சட்டை நாறியது. ஊரே மூக்கைப் பிடிக்கும் அளவுக்கு நாறியது.

"பைத்தியமா உங்களுக்கு?" என்று திட்டினாள். "போதும். இதோட நிறுத்திக்கலாம்."

"நாள் முடியலையே. பாதியில விட்டா ஹாஜி செல்லாதும்பார்," என்றான்.

முகமூடியோடு திரும்பிப் போய்ச் சாயங்காலம்வரை நின்றான். ஆவி சாதாரண ஆவியாக, பழையபடி முகத்துக்கு நேராக வந்தது. பின்னால் யாரும் இழுக்கவில்லை. "மச்சான்," என்று ஒரு தடவை மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தான். மூலையில் சுவர்தான் இருந்தது. அந்த வெறுமை தாங்காமல் முகமூடிக்குள்ளேயே அழுதான்.

டப்பியைத் திறந்தபோது உள்ளே இருந்த காகிதம் காபிக் கசடு நிறத்தில் ஊறிப்போயிருந்தது. ஹாஜி எட்டிப் பார்த்துவிட்டு, குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வேண்டுமென்றே எண்ணெயில் முக்கியிருக்கிறான் என்று தொடங்கினார். தன் கண்ணெதிரே டப்பியைப் பூட்டித் தன் கண்ணெதிரே திறந்ததாக உத்தாரி சொன்னாள். சர்கிம் அவருடைய ஹஜ் ஆணையை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி ஞாபகப்படுத்தினான். ஹாஜியால் என்ன செய்ய முடியும்?

நாற்பதாம் நாள் சாப்பாடு நன்றாக நடந்தது. யாசின் ஓதினார்கள், மஞ்சள் சோற்றைப் பொட்டலம் கட்டி அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார்கள். துரியா அழுதாள், சர்கிம் மூன்று பொட்டலம் வாங்கிப் போனான். தஸ்ரிபின் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தான். வேலைக் களைப்பு என்றான். துரியாவின் மடியில் தலை வைத்துப் படுப்பதையும் அந்த வாரத்தோடு விட்டுவிட்டான்.

எடை எழுதின காகிதத்தோடு உத்தாரி திரும்பி வந்தபோது பட்டறையில் ஃபேனுக்குக் குழாய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பளபளவென்று தகரக் குழாய்கள், ஒவ்வொரு லேத்துக்கு மேலும் ஒரு தகரக் குடை. சர்கிம் ஏணியில் ஏறி வேலைக்காரர்களுக்கு வேண்டாத யோசனையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். உத்தாரி ஹாஜியிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, தஸ்ரிபினைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"பாக், நான் ரெண்டு தரம் எடை போட்டேன். தராசைக் கழுவிட்டு மூணாம் தரமும் போட்டேன். எடை எடைதான், அதனால அப்படியே எழுதிக் கொடுத்திருக்கேன். ஆனா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த பம்பு அன்னிக்கு இழுத்த காத்துல இவ்வளவு எண்ணெய் இருக்க வழியே இல்லை. இது ஒரு நாள் எண்ணெய் இல்லை. ஒரு மாசத்து எண்ணெய். அந்த மூலையில என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கலை, கேக்கவும் பயமா இருக்கு."

தஸ்ரிபின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"டப்பி இழுத்தது பத்துல ஒரு பங்குதான்," என்றாள் அவள். "மிச்சம் ஒம்பது பங்கும்…" முடிக்காமல் அவன் நெஞ்சைப் பார்த்தாள். சட்டைப் பொத்தான்கள் வேகவேகமாக ஏறி இறங்கின. "ஸ்லாவி ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே போங்க. நானே கூட வரேன்."

உள்ளே ஃபேனைச் சோதனைக்காகப் போட்டார்கள். கூரை அதிர்ந்தது. லேத்துகளின் மேல் தங்கியிருந்த வெள்ளையெல்லாம் மேலே கிளம்பிக் குடைகளுக்குள் போனது. எதிர்ச் சுவர்வரைக்கும் பட்டறை தெளிவாகத் தெரிந்தது. சர்கிம் ஏணியிலிருந்து ஊளையிட்டான், ஹாஜி கூட வாயைப் பிளந்து மேலே பார்த்தார். துரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"காங், வந்து பாருங்க! என் மேஜைகிட்ட மழை பெஞ்ச மாதிரி இருக்கு காத்து!" என்றாள். பிறகு உத்தாரியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்றாங்க அக்கா? இவ்வளவு நேரமா என்ன பேச்சு?"

"ஃபேன் நல்லது," என்றான்.

"அவ்வளவுதானா?" அவள் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "காங், அன்னிக்கு நான் இல்லாதப்ப, அண்ணன்கிட்ட நீங்க எதையும் திருப்பிக் கேக்கலையே?"

இல்லவே இல்லை, அவனாகவே விட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விட்டான் என்று சொல்வதற்கு எத்தனையோ நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தான். வாயைத் திறந்தான். பிறகு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். அத்தனை வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்ல அவனுக்கு மூச்சு பத்தவில்லை.